பெஸ்டலாசியும் ஸ்டான்ஸ் நகரத்துப் பிள்ளைகளும்

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் யோஹான் ஹைன்ரிக் பெஸ்டலாசி என்னும் பெயரைக் கேளாதிருக்க முடியாது. கல்வித் தத்துவப் பாடநூல்களில் ரூசோவுக்கும் ஃபுரோபெலுக்கும் நடுவே ஓரிரு பக்கங்களில் அவர் இடம்பெறுவார். தலை, நெஞ்சம், கை ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்ப்பதே கல்வி என்று கண்டவர். சொல்லைக் கற்பிக்கும் முன் பொருளைக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தியவர். இவ்வளவையும் தேர்வுக்காக மனனம் செய்வோம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவோம். அந்த ஓரிரு பக்கங்களுக்குப் பின்னால் 81 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதர் இருக்கிறார். அவர் தொடங்கிய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று ஐந்து மாதங்கள்கூட நீடிக்கவில்லை. ஆயினும் அவருடைய கல்விக் கொள்கையின் வேர் அந்த ஐந்து மாதப் பள்ளியில்தான் இருக்கிறது.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆசிரியர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவர் ஓர் எழுத்தாளர் என்பது ஒரு காரணம். அவருடைய புதினம் ஒரு காலத்தில் ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளிலெல்லாம் வாசிக்கப்பட்டது. மற்றொரு காரணம், அவர் வாழ்க்கை நம்முன் வைக்கும் வினா. துன்பத்தில் வளர்ந்த பிள்ளை பள்ளிக்கு வரும்போது என்ன கொண்டு வருகிறது? என்ன கொண்டு வரவில்லை என்பதை எளிதில் பட்டியலிட்டு விடுகிறோம். எழுத்தறிவில்லை, ஒழுங்கில்லை, தூய்மையில்லை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்று பட்டியல் நீளும். மற்றப் பட்டியலை எழுத முயன்றவர் பெஸ்டலாசி. அதை எழுத அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

தந்தையற்ற சிறுவன்

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். மகனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் இறந்துபோனார். சாகும் தறுவாயில் அவர் வீட்டுப் பணிப்பெண் பாபெலியை அழைத்து, தம் மனைவியையும் குழந்தைகளையும் கைவிட்டுவிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். அவ்வேழைப் பெண் அளித்த வாக்கைத் தம் வாழ்நாளெல்லாம் காத்தார். கடைத்தெருவில் காய்கறி விலை இறங்கும் நேரம் பார்த்து வாங்கி வருவதும், பிள்ளைகளின் துணி தேயாதிருக்க அவர்களை வெளியே ஓடவிடாமல் காப்பதும் அவர் கடமைகளாயின. மானத்தோடு வறுமையை மறைத்து வாழும் குடும்பம் எப்படியிருக்கும் என்பதைப் பெஸ்டலாசி சிறுவயதிலேயே அறிந்திருந்தார். எழுத்து வாசனை மிகுதியாக இல்லாத ஓர் எளிய பெண்ணின் சொல்லுறுதியும் கூர்மையும் ஒரு குடும்பத்தையே தாங்கி நிற்கக் கண்டவர் அவர். அக்காட்சி அவர் எழுத்தில் பின்னர் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும்.

பள்ளியில் அவர் நகைப்புக்கு இலக்கானார். கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழை மலியும், விளையாட்டில் கைகால் பின்னும். உடன் பயின்றோர் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டி மகிழ்ந்தனர். விடுமுறை நாட்களில் ஹோங் என்னும் சிற்றூரில் குருவாக இருந்த பாட்டனாரிடம் சென்று தங்குவார். பாட்டனார் குடிசைதோறும் நோயாளிகளையும் ஏழைகளையும் காணச் செல்லும்போது பேரனும் உடன் செல்வான். நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே இருந்த நீதியின்மையை அச்சிறுவன் அங்கே கண்டான்.

இளைஞரானபோது சீர்திருத்தக் குழு ஒன்றில் சேர்ந்தார். அதன் பொருட்டுச் சில நாள் காவலிலும் வைக்கப்பட்டார். குருத்துவம், சட்டம் என்று எண்ணிப் பார்த்து இரண்டையும் விட்டு, உழவே மக்களுக்கு உதவும் தொழில் எனத் துணிந்தார். 1769இல் அன்னா ஷுல்தெஸ் என்னும் நங்கையை மணந்தார். அன்னா அவரைவிட எட்டு வயது மூத்தவர். செல்வ வணிகரின் மகள். பெற்றோர் விருப்பத்தை மீறி வந்தவர். தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் கணவரின் முயற்சிகளுக்கு ஈந்து, குறை கூறாது வாழ்ந்தவர் அவ்வம்மையார்.

நொய்ஹோஃபின் பாடம்

ஆர்காவ் பகுதியில் பிர் என்னும் ஊருக்கருகே நிலம் வாங்கி, நொய்ஹோஃப் என்று பெயரிட்டுப் பெஸ்டலாசி பயிரிட்டார். நிலம் கைகொடுக்கவில்லை. 1771, 1772ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவெங்கும் பஞ்சம் வந்தது. ஊர் ஊராகப் பிச்சையெடுத்துத் திரிந்த சிறுவர்களை அவர் தம் வாசலிலேயே கண்டார். 1774 முதல் அத்தகைய பிள்ளைகளைத் தம் வீட்டில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். கோடையில் வயல் வேலை. குளிர்காலத்தில் பருத்தி நூற்றல், நெய்தல். நூற்றுக்கொண்டே எழுத்தும் எண்ணும் கற்றல். பிள்ளைகளின் உழைப்பில் வரும் வருவாய் அவர்கள் உணவுக்கும் கல்விக்கும் ஆகும் செலவை ஈடுகட்டிவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு பொய்த்தது. பழகாத பிஞ்சுக் கைகள் நூற்ற நூல் சந்தையில் விலை போகவில்லை. பெற்றோர் சிலர் வந்து, புத்தாடை கிடைத்ததும் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். பெஸ்டலாசிக்கு வணிகம் தெரியாது; அன்னாவின் செல்வமும் கரைந்தது. 1780இல் அந்நிலையம் மூடப்பட்டது. ஊரார் அவரைப் பித்தர் என்றனர்.

இத்தோல்விக்கு வணிகத் திறமையின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது மெய்யே. ஆயினும் அதனினும் ஆழமான தவறு ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். ஏழைப் பிள்ளையிடம் ஆற்றல் உண்டு என்பதை அவர் அப்போதே நம்பினார். ஆனால் அவ்வாற்றலை உழைப்பாற்றல் என்றே கொண்டார். தறியில் அமர்ந்தால் எத்தனை முழம் நெய்யும் என்பதில் அப்பிள்ளையின் வலிமையை அளக்க முயன்றார். துன்பம் பிள்ளைகளுக்கு அளித்துள்ள வலிமையைக் காண்பதும், அவ்வலிமையைச் செலவுக்கு ஈடாக வாங்கிக்கொள்வதும் வேறு வேறு என்பதை அவர் அன்று உணர்ந்திலர்.

எனினும் அவர் கண்கள் மூடியிருக்கவில்லை. 1778இல் தம் நிலையத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூறி, உடல்நிலை, குணம், திறமை ஆகியவற்றைக் குறித்த அறிக்கை அது. ஏழைப் பிள்ளைகளைக் கூட்டமாக எண்ணிய காலத்தில் அவர்களைத் தனித்தனியே பார்த்த ஏடு. அதில் கோட்ஃபிரீட் மிண்ட் என்னும் சிறுவனைப் பற்றிய குறிப்பு உண்டு. மிக மெலிந்தவன், கடின வேலைக்கு ஆகாதவன், ஆனால் சித்திரம் வரைவதில் மிக்க திறமுடையவன் என்பது அதன் சாரம். நொய்ஹோஃபின் கணக்கேட்டில் நட்டமாகவே எழுதப்பட வேண்டிய அச்சிறுவன் பிற்காலத்தில் பெர்ன் நகரில் பூனைகளை வரைவதில் இணையற்றவரென்று பெயர் பெற்றார். பூனைகளின் ரஃபேல் என்று ஐரோப்பியக் கலையன்பர் அவரை அழைத்தனர். தறியால் அளக்க முடியாத வலிமை ஒன்று உண்டு என்பதற்குப் பெஸ்டலாசியின் சொந்த அறிக்கையே சான்றாயிற்று.

எழுத்தாளர் பெஸ்டலாசி

பள்ளியை இழந்தவர் எழுதத் தொடங்கினார். பேசிலில் வாழ்ந்த நண்பர் இசெலின் தந்த ஊக்கத்தால், ‘லியோன்ஹார்டும் கெர்ட்ரூடும்’ என்னும் புதினத்தின் முதற்பகுதி 1781இல் வெளிவந்தது. பின்னைய பகுதிகள் 1787 வரை தொடர்ந்து வந்தன. குடிப்பழக்கத்தால் கடனில் மூழ்கிய கொத்தனார் ஒருவரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் அதன் மாந்தர். வீட்டுக்குள்ளேயே நூற்றுக்கொண்டும், சன்னற் கண்ணாடிகளை எண்ணியும், அடி எடுத்து வைப்பதை எண்ணியும் தம் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அத்தாயின் உருவில் பணிப்பெண் பாபெலியின் சாயலைக் காணலாம். சீர்குலைந்த ஒரு சிற்றூர் அத்தாயின் வீட்டைப் பார்த்துத் திருந்துவதே கதை.

நூல் பெரும்புகழ் ஈட்டியது. 1792இல் பிரெஞ்சு நாட்டுப் பேரவை அயல்நாட்டார் சிலருக்குச் சிறப்புக் குடியுரிமை வழங்கியபோது கவிஞர்கள் ஷில்லர், கிளாப்ஸ்டாக் ஆகியோரோடு பெஸ்டலாசியின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் அவர் நிறைவு கொள்ளவில்லை. அவருக்கு எழுத்து, செய்ய முடியாது போன செயலின் நிழல். மக்கள் புதினத்தைக் கதையாகச் சுவைத்தார்களேயன்றி, அதில் சொன்னதைச் செய்ய எவரும் முன்வரவில்லை என்பது அவர் வருத்தம். எழுதுகோல் பிடித்த நாம் இவ்வருத்தத்தைச் சற்றே நின்று நோக்குதல் தகும். 18 ஆண்டுகள் அவர் எழுதினார். அந்த 18 ஆண்டுகளும் ஒரு பள்ளிக்காகக் காத்திருந்தார்.

ஸ்டான்ஸ்

காத்திருந்தது கிடைத்தது, கிடைத்த விதம் கொடியது. 1798இல் பிரெஞ்சுப் படைகளின் துணையோடு சுவிட்சர்லாந்தில் புதிய குடியரசு நிறுவப்பட்டது. நிட்வால்டன் பகுதி மக்கள் அதற்கு உறுதிமொழி தர மறுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிரெஞ்சுப் படை அப்பகுதிமீது பாய்ந்தது. தலைநகராகிய ஸ்டான்ஸிலும் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 400 பேர் மடிந்தனர், வீடுகள் எரிந்தன, பெற்றோரற்ற குழந்தைகள் தெருவில் நின்றனர். புதிய அரசு அவர்களுக்கென ஓர் இல்லம் அமைத்து, பெஸ்டலாசியை அனுப்பியது. டிசம்பர் மாதம் அவர் ஸ்டான்ஸ் சென்றடைந்தார். அப்போது அவருக்கு வயது 52.

பெண் துறவியர் மடமொன்றின் ஒரு பகுதி அவருக்கு அளிக்கப்பட்டது. சமையலறையும் படுக்கைகளும் ஆயத்தமாகும் முன்பே, 1799 ஜனவரி நடுவில், பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். விரைவில் எண்ணிக்கை 80ஐ எட்டியது. உதவிக்கு ஒரு வீட்டுப் பணிப்பெண் மட்டுமே. சொறியும் சிரங்கும் நடக்கவொட்டாமல் செய்த பிள்ளைகள், பேன் அரித்த தலைகள், எலும்புக்கூடாய் மெலிந்த உடல்கள், அச்சம் குடிகொண்ட கண்கள். பிச்சையெடுத்துப் பழகித் துணிச்சல் முற்றிய பிள்ளைகள் ஒருபுறம். முன்னர் வசதியாய் இருந்து பின்னர் நொடித்த குடும்பத்துப் பிள்ளைகள் மறுபுறம். பின்னவர், பிச்சைக்காரப் பிள்ளைகளோடு ஒன்றாக அமர மனமின்றித் தனியே நின்றனர். எழுத்தறிந்தவர் பத்தில் ஒருவர்கூட இலர். ஊரார்க்கோ பெஸ்டலாசிமீது நம்பிக்கையில்லை. தம்மவரைக் கொன்ற அரசின் ஆள். தம் கத்தோலிக்கச் சமயத்தைச் சாராதவர். எவ்வாறு நம்புவர்?

இந்நிலையில் அவர் கண்டது என்ன? இதைப் பின்னர் நண்பர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே விளக்குகிறார். ஸ்டான்ஸ் கடிதம் என்று கல்வி வரலாற்றில் பெயர் பெற்ற அக்கடிதத்தின் பொருளை என் சொற்களில் தருகிறேன். தேவையும் இல்லாமையும் இப்பிள்ளைகளுக்கு முன்னரே ஆசிரியர்களாக இருந்துள்ளன. எது எதற்கு ஆகும், எது எதனோடு சேரும், எதை விட்டால் எது கெடும் என்பதை அவர்கள் வாழ்ந்து அறிந்திருக்கின்றனர். அவ்வறிவு குப்பையால் மூடப்பட்டிருக்கிறது. குப்பையை அகற்றினால் ஒளிவிடும். வசதியாக வளர்ந்த பிள்ளையிடம் இவ்வறிவைக் காண்பது அரிது.

குப்பையை அகற்ற அவர் கைக்கொண்ட வழி எளியது. பகலும் இரவும் அவர்களோடே இருந்தார். அவர்கள் உண்ட கஞ்சியை உண்டார்; அவர்கள் நடுவே உறங்கினார்; நோயுற்ற பிள்ளைகளின் அருகே அமர்ந்தார். இரவில் படுக்கையிலிருந்தபடியே அவர்கள் விரும்பும்வரை பேசிக்கொண்டிருந்தார். பாடத்திட்டமில்லை, போதிய நூல்களுமில்லை. 80 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதால், தாம் சொல்வதை அனைவரும் ஒருசேரச் சொல்லவைத்தார். அப்போது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சற்று முன்னே கற்ற சிறுவன் இரு சிறுவர்களுக்கு நடுவே அமர்ந்து, அவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு, தான் அறிந்ததைச் சொல்லிக்கொடுக்கலானான். யாரும் கட்டளையிடவில்லை. தாய் தந்தையற்ற வீடுகளில் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து பழகிய பிள்ளைகளுக்கு அது இயல்பாக வந்தது. ஆசிரியர் பற்றாக்குறையை அப்பிள்ளைகள் தாமே தீர்த்தனர்.

மற்றொரு நிகழ்ச்சியை அன்பர்கள் அறிதல் வேண்டும். 1799 ஏப்ரலில் அண்டைப் பகுதியான ஊரியின் தலைநகர் ஆல்ட்டார்ஃப் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாசி தம் பிள்ளைகளை அழைத்துத் தம்மைச் சூழ நிற்கச் செய்து, செய்தியைச் சொன்னார். அங்கே இப்போது எத்தனையோ பிள்ளைகள் உணவும் உடையும் கூரையுமின்றி நிற்கக்கூடும். அவர்களில் 20 பேரை இங்கே ஏற்கலாமா என்று கேட்டார். பிள்ளைகள் ஆர்ப்பரித்து இசைந்தனர். அவர் அதோடு விடவில்லை. இல்லத்திடம் பணம் மிகுதியாக இல்லை. அவர்கள் வந்தால் நீங்கள் மேலும் உழைக்க வேண்டும், உணவு குறையும், உடையையும் பகிர நேரும். நன்கு எண்ணிச் சொல்லுங்கள் என்றார். மீண்டும் ஒருமுறை விளங்கச் சொல்லவைத்தும் கேட்டார். பிள்ளைகள் தம் முடிவில் மாறவில்லை.

சில திங்கள் முன்னர் பிச்சைக்கலம் ஏந்தி நின்றவர்கள், ஒரு துண்டு ரொட்டிக்குச் சண்டையிட்டவர்கள், தம் ரொட்டியைப் பிட்டுத்தர முன்வந்தனர். இவ்விரக்கத்தைப் பெஸ்டலாசி கற்பித்தார் என்று சொல்வதைக் காட்டிலும், அது வெளிப்பட ஓரிடம் அமைத்தார் என்று சொல்வதே பொருந்தும். வீடு எரிந்தால் எப்படியிருக்கும் என்பது அப்பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டிய செய்தியன்று.

ஸ்டான்ஸில் எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதுவது உண்மைக்கு மாறாகும். பெஸ்டலாசி பிள்ளைகளை அடித்ததும் உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. தந்தையின் அடியாக அதைப் பிள்ளைகள் ஏற்றனர் என்று அக்கடிதத்தில் அவர் வாதிடுகிறார். இன்றைய நாம் அவ்வாதத்தை ஏற்கவியலாது. எனினும் ஒன்று தெளிவு. மனிதரை எடைபோடுவதில் அப்பிள்ளைகள் தேர்ந்தவர்கள். எவர் முகத்தில் இரக்கம் உண்டு, எவர் முகத்தில் பாசாங்கு உண்டு என்று பார்த்தறிந்தே பிழைத்தவர்கள். அவர்கள் இந்த விகாரத் தோற்றமுள்ள, தலைவாராத, உரக்கப் பேசும் மனிதரை எடைபோட்டு, ஏற்றுக்கொண்டனர்.

ஜூன் 8ஆம் நாள் எல்லாம் முடிந்தது. ஆஸ்திரியப் படைகளோடு நடந்த போரில் காயமுற்ற பிரெஞ்சு வீரர்களுக்கு மருத்துவமனையாக அக்கட்டடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாற்றுடையும் சிறிது பணமும் கொடுத்து அனுப்பிவிட்டு, பெஸ்டலாசி இருமலில் இரத்தம் கக்கியவாறு மலைப்பகுதி ஒன்றில் ஓய்வெடுக்கச் சென்றார். ஸ்டான்ஸ் கடிதம் அங்கே பிறந்தது. இழந்த பள்ளியைப் பற்றி எழுதப்பட்டதாயினும், அதில் நொய்ஹோஃப் காலத்துக் கணக்கு மனப்பான்மை இல்லை. பிள்ளைகள் எவ்வளவு ஈட்டினர் என்பதை விட்டு, எவ்வளவு ஈந்தனர் என்பதை அவர் எழுதினார்.

ஏணியும் சன்னலும்

அடுத்து அவர் சென்ற ஊர் புர்க்டார்ஃப். அங்கே நகர உரிமையற்ற ஏழைகளின் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. அப்பள்ளியை நடத்தியவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர். இந்தப் புதியவருக்கு எழுதவும் கணக்கிடவும் ஒழுங்காகத் தெரியாது என்ற பேச்சு பரவியது. புதுமுறையைச் சோதிக்க வேண்டுமாயின் செல்வர் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கட்டும் என்று பெற்றோர் மறுத்தனர். ஏழைகள் தம் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்க ஒப்பாதது இழிவன்று. அதுவும் ஒரு தன்மானமே. பெஸ்டலாசி வேறொரு சிறுவர் பள்ளிக்கு மாற்றப்பட்டார். சில மாதங்களில் அப்பிள்ளைகளின் வளர்ச்சியைக் கண்ட பள்ளிக்குழு அவரைப் பாராட்டியது. 1800இல் ஊர்க் கோட்டையில் அவருடைய கல்வி நிலையம் எழுந்தது.

அந்நிலையத்தைத் தாங்கியவர்களைப் பாருங்கள். முதலாவதாக வந்து சேர்ந்த ஹெர்மன் குரூசி, அப்பென்செல் மலைநாட்டில் நூற்பொதி சுமந்து கணவாய்களைக் கடந்த கூலிக்காரர்; 18 வயதில் தற்செயலாக ஊர் ஆசிரியரானவர். 1800 தொடக்கத்தில், போரும் பஞ்சமும் வாட்டிய தம் பகுதியிலிருந்து 20க்கும் மேற்பட்ட பிள்ளைகளை நடத்தியே புர்க்டார்ஃபுக்கு அழைத்துவந்தவர். யோஹானஸ் ராம்சாவர் என்பவர், அதே போரால் பத்து வயதில் பிறந்தகம் விட்டு வந்த சிறுவர். கோட்டைப் பள்ளியில் சேர்ந்து, சிறுவராக இருக்கும்போதே பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். பிற்காலத்தில் ஓல்டன்புர்கில் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசானாக விளங்கியவர். பெஸ்டலாசி குரல் கம்மும்வரை பாடம் நடத்தியதையும், வகுப்பறைச் சுவர்த்தாளிலிருந்த கிழிசல்களையே காட்டி, அவற்றின் வடிவையும் நீளத்தையும் எண்ணிக்கையையும் சொல்லவைத்ததையும் ராம்சாவரின் நினைவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

பெஸ்டலாசியின் வரலாற்றை எழுதியோர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. ஒருநாள் ஏணியின் படத்தைக் காட்டிப் பாடம் நடந்தது. முற்றத்தில் உண்மையான ஏணியே இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசலாகாதா என்று ஒரு சிறுவன் கேட்டான். எழுந்து போவதைவிடப் படம் வசதியானது என்று விடை வந்தது. பிறகு சன்னலின் படம். உண்மையான சன்னல் இதோ இருக்கிறது, அதற்காக எழுந்துபோகவும் வேண்டாமே என்று அவனே மறுபடியும் சொன்னான். செய்தி பெஸ்டலாசிக்கு எட்டியது. சிறுவன் சொல்வதே சரி என்று அவர் ஏற்றார், படங்கள் ஒதுக்கப்பட்டன. கண்முன் இருப்பதைக் கொண்டு கற்பித்தல் என்று உலகம் அவர் பெயரால் வழங்கும் முறைக்கு இவ்வாறு ஒரு சிறுவனும் பங்களித்திருக்கிறான்.

புகழும் இழப்பும்

1801இல் வெளிவந்த கல்வி நூலும் கோட்டைப் பள்ளியின் பெயரும் பெஸ்டலாசியை ஐரோப்பா அறியச் செய்தன. 1805 முதல் 20 ஆண்டுகள் இவர்டன் நகரக் கோட்டையில் அவருடைய நிலையம் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து மாணவர் வந்தனர். ஃபுரோபெல் 1808 முதல் 1810 வரை அங்குத் தங்கிப் பயின்றார். இளவரசர்களும் அமைச்சர்களும் பார்வையிட வந்தனர்.

வந்தவருள் ஒருவர் நமக்குச் சற்று நெருக்கமானவர். அவர் ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். ஆசிரியர்கள் உடன்படாதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலால் இது சென்னை முறை என்று இங்கிலாந்தில் பரவியது. 1816இல் அவர் இவர்டனுக்கு வந்து பெஸ்டலாசியைச் சந்தித்தார். இருவரும் உடன்படவில்லை. பெல் கண்ட முறை, ஓர் இயந்திரம்போல் ஒருவருக்கொருவர் பாடத்தைக் கடத்துவது. பெஸ்டலாசி கண்டதோ தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொடுப்பது. ஆயினும், எழும்பூரிலும் ஸ்டான்ஸிலும் ஒரே உண்மை வெளிப்பட்டது. பெற்றோரற்ற பிள்ளைகள் கற்பிக்கவும் வல்லவர்கள்.

இவர்டனின் புகழ் வளர வளர, பெஸ்டலாசியின் உள்ளம் வறண்டது. கட்டணம் செலுத்தும் செல்வர் பிள்ளைகளே பெரும்பாலோர். ஏழைகளுக்காகத் தொடங்கியது ஏழைகளின் கைக்கு எட்டாது போயிற்று. துணையாசிரியர்களுக்குள் பூசல் மூண்டது. மலைநாட்டு ஏழைச் சிறுவராக வந்து கணிதத்தில் சிறந்த யோசெஃப் ஷ்மிட் ஒருபுறம், கற்றறிந்த நீடெரர் மறுபுறம். வழக்குமன்றம் வரை சென்ற அச்சண்டையில் ஷ்மிடின் கடுமைக்கும் பங்குண்டு. துன்பத்தில் வளர்ந்தவரெல்லாம் பொறுமையாளர் ஆவர் என்பதும் மெய்யன்று. 1815இல் அன்னா அம்மையார் மறைந்தார்.

1818ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று முதியவர் ஓர் அறிவிப்புச் செய்தார். தம் நூல்தொகுதியின் விற்பனையால் வரும் பணத்தை ஏழைகளின் கல்விக்கே அளிப்பதாக உறுதி கூறினார். அவ்வாண்டே இவர்டனுக்கருகே கிளிண்டி என்னும் இடத்தில் சில ஏழைப் பிள்ளைகளோடு ஒரு பள்ளி திறந்தார். வறுமையை அறிந்த அப்பிள்ளைகளே நாளை ஏழைகளின் ஆசிரியர்களாக வேண்டும் என்பது நோக்கம். அவர்கள் விரைந்து கற்றனர். சிறியவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தனர். 72 வயதில் அவர் மீண்டும் ஸ்டான்ஸைக் கண்டார் எனலாம். ஆனால் ஓராண்டளவில் அப்பள்ளி கோட்டைப் பள்ளியோடு இணைக்கப்பட்டுத் தன் தன்மையை இழந்தது. 1825இல் இவர்டனும் மூடப்பட்டது. அவர் நொய்ஹோஃபுக்கே திரும்பினார். 1827 பிப்ரவரி 17ஆம் நாள் புரூக் என்னும் ஊரில் காலமானார். பிர் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சியது

1846இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, பிர் ஊரில் எழுந்த புதிய பள்ளிக்கூடச் சுவரில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. மேலும் நூறாண்டு கழித்து, 1946இல், இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த பல நாட்டுப் பிள்ளைகளுக்கென ட்ரோகன் என்னும் மலையூரில் ஒரு சிறுவர் கிராமம் எழுந்தது. அதற்குப் பெஸ்டலாசியின் பெயரே சூட்டப்பட்டது. நாடிழந்து வந்த திபெத்தியப் பிள்ளைகளுக்கும் 1960இல் அது வாசல் திறந்தது. ட்ரோகன் அப்பென்செல் பகுதியைச் சேர்ந்தது. பசியோடு 1800இல் பிள்ளைகள் புறப்பட்டுப்போன அதே மலைகள், பசித்த பிள்ளைகளை வரவேற்கும் இடமாயின.

துன்பம் நல்லது என்று பெஸ்டலாசி ஒருபோதும் கருதவில்லை. சிரங்கும் பசியும் அச்சமும் அவர் கண்ணில் தீமைகளே. அவற்றை நீக்கவே அவர் பாடுபட்டார். வறுமையைப் போற்றிப் பாடுவது எழுதுவோராகிய நமக்கு எளிதில் வரும் பிழை. வறியவரிடம் ஒன்றுமில்லை என்று இரங்கிப் பாடுவது அதன் மறுபக்கமான பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி, இவனிடம் இது இருக்கிறது என்று குறித்துவைத்த அந்த 1778ஆம் ஆண்டு அறிக்கையே நமக்கு ஏற்ற வழிகாட்டி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டான்ஸில் கூடிய அந்த 80 பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிற்காலத்தில் என்ன ஆயினர் என்று வரலாறு கூறவில்லை. ஆசிரியருக்குக் கல்லில் பெயர் வெட்டிய உலகம், அவருக்குக் கற்பித்தவர்களின் பெயர்களைக் காக்க மறந்தது. ஆல்ட்டார்ஃப் எரிந்த செய்தி கேட்டு, ரொட்டி குறையும் என்று தெரிந்தும் இசைவு தந்த குரல்களில் ஒன்றுக்கும் முகமில்லை. நம் வட்டத்து அன்பர்களுள் ஆசிரியப் பணி புரிவோர் பலர். நாளைக் காலை வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாமலும் தலை வாராமலும் தாமதமாக வந்து பின்வரிசையில் அமரும் பிள்ளையைக் காணும்போது, அது என்ன கொண்டு வந்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், முகமற்ற அக்குரல்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகும்.